முதல் அறுபது அடி

உங்கள் அறைக் கதவு மூடும்போது அறைகிறது, சார். மேலே இருக்கிற இரும்புக் கையின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கால் சுற்று இறுக்கினால் கதவு பூனை மாதிரி வந்து சாத்திக்கொள்ளும். ஐந்து நிமிட வேலைதான். பேசி முடித்ததும் நானே செய்து தருகிறேன்.

இருபத்திரண்டு வருடமாக என் தொழிலே இதுதான். அறைகிறதை அறையாமல் செய்வது.

நான் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி மெக்கானிக். நேர்கோட்டுப் பந்தயக் கார்களுக்கு மட்டும். கால் மைல் தூரம், எட்டு விநாடி, முடிந்தது. அதில் முதல் விநாடிதான் எல்லாம். எங்கள் காரில் கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கியர்பெட்டி தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் கார் நகராது. நின்ற இடத்தில் உறுமும். பச்சை விளக்கு விழுந்ததும் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுக்க வேண்டும். அவ்வளவு பலமும் ஒரே அடியாகப் பின்சக்கரத்தில் இறங்கும். சும்மா விட்டால் காரின் மூக்கு வானத்தைப் பார்க்கும்.

சும்மா விடாமல் இருப்பது என் வேலை. முதல் ஒரு விநாடிக்கு எஞ்சின் பலத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். எத்தனை சதவீதம் பிடிப்பது என்பதுதான் ரகசியம். தரையின் சூடு, காற்று, டயரின் வயது எல்லாம் பார்த்து, காரில் இருக்கிற கணினிப் பெட்டியில் ஓர் எண் போடுவேன். பெரும்பாலும் முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்.

இதில் ஓட்டுகிறவரின் பங்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். கட்டைவிரலை எடுப்பது.

எங்கள் காரை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பந்தயத் தளத்தில் 'பட்டுக்கால்' என்று பெயர். மற்ற கார்கள் எல்லாம் முரட்டு மாடு மாதிரி துள்ளிக்கொண்டு கிளம்ப, எங்கள் கார் மட்டும் தண்ணீரில் விட்ட படகு மாதிரி போகும். பார்க்கிறவர்கள், "என்ன கால்யா இது!" என்பார்கள். கால் என்னவோ தரையோடு ஒட்டித்தான் இருந்தது, சார். யாரும் குனிந்து பார்த்ததில்லை.

வீட்டிலும் அதே பேச்சு. சாப்பாட்டு மேசையில் அவர் சிரித்துக்கொண்டே, "மச்சான், என் கால் பட்டுன்னா உங்க தங்கச்சி ஏன் தினமும் அதைக் கடைக்கு நடக்க விடுறா?" என்பார். அவள், "பட்டுன்னா அப்பப்ப வெயில்ல போடணும்" என்பாள். நானும் சிரிப்பேன். சோற்றை அவருக்குத்தான் முதலில் போடுவாள். கணவன், போடட்டும். ஆனால் பதினொரு வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே நான் போட்ட எண்ணைச் சொல்லுவாள். அப்படிப்பட்டவளும் பந்தயத் தளத்தின் ஓரத்தில் நின்று கொடி அசைக்கும்போது காரைப் பார்த்துத்தான் அசைத்தாள். ஒரு தடவைகூடத் திரும்பி என்னைப் பார்த்து அசைக்கவில்லை.

எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னொரு நாள் நான் தப்பான எண் போட்டு ஒரு ஜோடி டயர் புகைந்து போனது. அதற்குப் பிறகு தங்கை ஒரு முறை கொண்டுவந்தாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் நான் எண்ணைச் சீட்டில் எழுத வேண்டும். ஓட்டுகிறவர் அதை வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல முறை. முதல் ஒரு மாதம் மாப்பிள்ளை ஒழுங்காகப் படித்தார். பிறகு, "மச்சான் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று பார்க்காமலே கிறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். நான் இரண்டு தடவை சொன்னேன், படித்துவிட்டுப் போடுங்கள் என்று. மூன்றாவது தடவை சொல்லவில்லை.

அரையிறுதி நாள் அன்று மைக்கைப் பிடித்தவன் அவரிடம் கேட்டான்: "இவ்வளவு சாஃப்டா எப்படி எடுக்கறீங்க?" மாப்பிள்ளை வெட்கத்தோடு, "அது காலுக்குத்தான் தெரியும், எனக்கே தெரியாது" என்றார். கூட்டம் கை தட்டியது. தங்கையும் தட்டினாள். நான் அப்போது காருக்கு அடியில் இருந்தேன். கைதட்டல் தரை வழியாக வரும்போது எப்படி இருக்கும் தெரியுமா, சார்? மழை ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும்.

அன்று முடிவு செய்தேன். கோபத்தில் இல்லை. அந்தக் காலுக்கு என்னதான் தெரியும் என்று அதற்கே ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் இறுதிப் போட்டி. மதியம் மூன்று மணி. நான் எதையும் கழற்றவில்லை, எதையும் அறுக்கவில்லை. ஒரு நட்டைக்கூடத் தளர்த்தவில்லை. நான் கொடுத்ததை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். எண்: பூஜ்யம். சீட்டிலும் பூஜ்யம் என்றே எழுதினேன். நான் பொய் எழுதுகிறவன் இல்லை.

ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினேன். தங்கை மறுபக்கம் நின்று அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"படிங்க மாப்பிள்ளை" என்றேன். ஆமாம், அன்று சொன்னேன்.

"என்ன மச்சான், ஃபைனல்னு பயமா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கோட்டில் போய் நின்றார். பொத்தானை அழுத்தி மிதித்தார். பலத்தைப் பிடித்து வைத்திருந்தால் எஞ்சின் சளி பிடித்தவன் மாதிரி கரகரக்கும். அன்று மணி மாதிரி தெளிவாகக் கத்தியது. தங்கையின் கையிலிருந்த கொடி நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருடம் கழித்து, பந்தயத் தளத்தில், என்னை. நானும் அவளைப் பார்த்தேன். கையைத் தூக்கி நிறுத்தச் சொல்ல எனக்கு இரண்டு விநாடி இருந்தது. அது அதிக நேரம், சார். எங்கள் தொழிலில் இரண்டு விநாடி என்பது ஒரு பகல்.

பச்சை விழுந்தது.

மூக்கு தூக்கியது. அவருக்குத் தரை தெரிந்திருக்காது. பயந்து காலை எடுத்திருக்கிறார். முன்சக்கரங்கள் கோணலாக இறங்கின. சுவர் அருகில்தான் இருந்தது. மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது.

நான் போட்ட எண் பதிவாகியிருந்த கணினிப் பெட்டி காரோடு எரிந்துபோனது. விசாரணைக் குழு வந்தது. 'ஓட்டுநரின் கால் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். போலீஸ் தரப்பில் நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள்.

பத்தாம் நாள் தங்கை கேட்டாள்: "அண்ணா, அன்னைக்குச் சத்தம் தெளிவா இருந்துச்சே?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சுதும்மா."

தலையை ஆட்டினாள். பிறகு, "அவர் என்கிட்ட எப்பவும் சொல்வார் அண்ணா. என் கால்ல ஒண்ணுமில்ல, எல்லாம் மச்சானோட கைதான், மைக்ல சொன்னா மச்சான் கூச்சப்படுவார்னு" என்றாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். காற்று என்று நான் சொன்னதை நம்பிவிட்டாள்.

அதைக் கேட்டு நான் உடைந்துபோய் இங்கே வந்தேன் என்று நினைக்காதீர்கள். மைக்கில் சொல்லியிருக்கலாம். எனக்குக் கூச்சம் என்று அவராக ஏன் முடிவு செய்தார்?

நான் வந்தது வேறு விஷயத்துக்கு.

நேற்றுத் தளத்துக்குப் போயிருந்தேன். தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் அவர் நினைவாகக் கல் பதிக்கிறார்கள். சுவரில் மோதுவதற்கு முன்னால் அந்தக் கார் முதல் அறுபது அடியைக் கடந்த நேரம் பலகையில் பதிவாகியிருக்கிறது. ஒரு விநாடியும் நூறில் ஆறு பங்கும். அந்தத் தளத்தில் இதுவரை யாரும் அப்படிக் கிளம்பியதில்லையாம். கல்லில் அந்த நேரத்தைச் செதுக்கி, கீழே 'பட்டுக்கால்' என்று போட்டிருக்கிறார்கள். வர்ணம்கூடக் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்து திரையை விலக்கப்போகிறாள்.

அது அவர் கால் இல்லை, சார். இதோ சீட்டு. என் கையெழுத்தில் பூஜ்யம், கீழே அவர் கிறுக்கல். ஞாயிற்றுக்கிழமைக்குள் தளத்துக்காரர்களிடம் நீங்கள் பேச வேண்டும். கொலையை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த நேரத்தை மட்டும் என் பேரில் எழுதச் சொல்லுங்கள்.