மேசைக்கடியில் கடல்

— ...கதவே இல்லாத வீட்டை எப்படிம்மா தட்டுறது?

— துணிய ஆட்டுப்பா. அலை வரும். அப்புறம் உள்ள வா.

— ஆட்டிட்டேன். யம்மாடி... மேசைக்கடியில இவ்ளோ இடமா! காலை மடக்கு, அப்பாவுக்கும் கொஞ்சம் விடு.

— மெதுவா! மீன் மேல உக்காராத.

— எந்த மீன்?

— தூங்குது... தள்ளி உக்காரு.

— மன்னிச்சுக்கோ மீனு. ஏம்மா, இது நம்ம கடைத் துணிதானே? ஒரு முழு பீஸையே கடலாக்கிட்டியே!

— நோய் பரவுதுன்னு கடையைப் பூட்டுனப்ப நீதானே மூட்டை மூட்டையா இங்க கொண்டுவந்து அடுக்குனே.

— அதுவும் சரிதான். வெளிச்சம் நல்லாத்தான் இறங்குது... என் கையே நீலமா இருக்கு.

— பேசாம இருந்தா இன்னும் ஆழத்துக்குப் போலாம்.

— ...

— போயாச்சா?

— போயாச்சு. ஆனா மேல ஒருத்தி உன் யூனிபார்மைப் போட்டுக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காளே, யாரு அது?

— நம்ம கடைப் பொம்மை.

— வாசல்ல கவுன் மாட்டி நிக்குமே, அதுவா? கழண்ட கையை ஒட்டலாம்னு வீட்டுக்குக் கொண்டுவந்தா, நீ ரெட்டை ஜடை போட்டு வகுப்புக்கு அனுப்பிட்டியா!

— மூஞ்சிக்கு முன்னாடி புத்தகம் வெச்சிருக்கேன்ல. அசையலேன்னா நெட் சரியில்லேன்னு மிஸ் நினைச்சுக்குவாங்க.

— எங்க நினைச்சாங்க? இப்பத்தான் போன் வந்துச்சு. "உங்க பொண்ணு முன்ன மாதிரி இல்லீங்க, ஆடாம அசையாம அவ்ளோ அழகா கவனிக்கிறா"ன்னு ஒரே பாராட்டு.

— சிரிக்காதப்பா...

— சிரிக்கல. இத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போய் நீ வாங்காத நல்ல பேரை அது ஒரே வாரத்துல வாங்கிடுச்சேன்னு பொறாமை. ஆனா நாளைக்கு ஒவ்வொருத்தரா முகம் காட்டிப் பாட்டு ஒப்பிக்கணுமாம். முதல் ஆளு நீதான். அதாவது... அது.

— நான் போமாட்டேன்.

— ஏம்மா?

— அங்க யாருமே என்னைப் பாக்கல.

— வகுப்பே உன்னைத்தானே பாக்குது!

— இல்லப்பா. எல்லார் கண்ணும் கொஞ்சம் கீழ போகுது. வாலு கூட... பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்து கிள்ளிக்கிட்டே இருப்பாளே, அவதான். என்னைத்தான் பாக்குறா, ஆனா என் கழுத்தோட பேசுற மாதிரி இருக்கு. அப்புறம் கம்ப்யூட்டர்ல ஓரத்துக் கட்டத்துல ஒரு பொண்ணு...

— யாரு?

— நான்தான். நான் சிரிச்சு முடிச்சப்புறம் லேட்டாச் சிரிக்குது. ஒருநாள் அது சிரிக்கவே இல்லேன்னா?

— அப்ப இங்க?

— இங்க பயமில்ல. மிஸ் மேல கப்பல்ல நின்னு பேசுறாங்க. வார்த்தையெல்லாம் நனைஞ்சு, கனமாகி, மெதுவா இறங்கி வருது. பிடிச்சதை மட்டும் எடுத்துக்குவேன்.

— நல்ல வியாபாரம்! சரி, நாளைக்கு முழு வகுப்பும் மேல உக்காரு.

— முடியாது.

— பாதி?

— பாட்டு மட்டும்.

— பாட்டும், முடிஞ்சதும் வாலு கை தட்டுறதும்.

— ...பாக்கலாம்.

— பாக்கலாம்னு சொல்லிட்டுப் போன ஆளு கடைக்குத் திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல.

— அப்பா... அன்னைக்கு நான் இங்கேயே கண் அசந்துட்டேன். மிஸ் என் பேரைக் கூப்பிட்டாங்க. நான் வாயே திறக்கல. ஆனா "உள்ளேன் மிஸ்"னு சத்தம் கேட்டுச்சு.

— பொம்மை பேசியிருக்கும்.

— கீச்சுன்னு இருந்துச்சு. "தொண்டை கட்டிடுச்சா? வெந்நீர் குடிம்மா"ன்னாங்க மிஸ்.

— கனவும்மா. தண்ணிக்கடியில தூங்கினா அப்படித்தான். எனக்கென்ன தெரியும், கடையை மறுபடி திறந்ததுலேர்ந்து நான் அங்கதானே இருக்கேன்.

— கடைக்கு நிறைய பேரு வராங்களா?

— வராங்க... மூஞ்சிய மூடிக்கிட்டு. அங்கதான் சிக்கலே. பேரம் வாயோரத்துல இருக்கு கண்ணு. விலை சொன்னதும் உதடு சுழிக்குதா, உள்ளுக்குள்ள சிரிக்குதான்னு பாத்துத்தான் இறங்கணுமா நிக்கணுமான்னு முடிவு பண்ணுவேன். உதடே தெரியலேன்னா... யார்கிட்ட பேசுறோம்னே தெரியல. திறந்த முதல் நாளே விலை சொல்லாம அளவுகோலைக் கீழ வெச்சுட்டேன்.

— அதான் அன்னைக்கே திரும்பி வந்துட்டியா?

— ...யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. இங்கேர்ந்து பாத்தா ஆளு தெரியாது, காலுதான் தெரியும். "கடைக்குப் போயிட்டு வரேன்"னு செருப்பு மாட்டிட்டுப் போற காலு, கொஞ்ச நேரத்துல வெறுங்காலா பின்கதவு வழியா வந்து, அந்தத் துணி மூட்டைக்குப் பின்னாடி மடங்கி உக்காந்துக்கும். தினமும்.

— தினமுமா பாத்தே! ஏம்மா என்கிட்ட கேக்கல?

— கேட்டா காலு போயிடும்ல. நீ ஏன் பொம்மையப் பத்தி இத்தனை நாளா கேக்கல?

— கேட்டா நீ மேல ஏறிப் போயிடுவே. அப்புறம் நான் யாருக்குப் பக்கத்துல ஒளிஞ்சுக்கிறது?

— சரி, நாளைக்கு நீ போய்க் கடையத் திறப்பா. "உள்ளேன் மிஸ்" நானே சொல்லிக்கிறேன்... உன் கீச்சுக் குரல் எனக்குப் பொருந்தவே இல்ல.