சிவப்புப் பொட்டு வைத்த றாம்

நிஸ்றா தங்கச்சிக்கு,

கம்பியூட்டர் ஸ்டக் ஆகி நிற்கிறது என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், பத்தில் ஆறுக்குக் காரணம் தூசிதான். எங்கள் பக்கம் அதோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் எந்த மெஷின்தான் தாங்கும்? றாம் என்கிற மெமரித் துண்டைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் நாலு தேய்ப்புத் தேய்த்துத் திரும்பப் போட்டால் அநேகமாக ஓடத் தொடங்கிவிடும். காத்தான்குடியில் கடை வைத்து நடத்துகிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததால் எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் என் கடைக்கு வந்து ஒரு றாம் துண்டைக் கண்ணாடி மேசையில் வைத்தீர்கள். "அண்ணன், இந்தச் சிவப்புப் பொட்டு ஒங்கட கைவேலதானே?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். "அப்ப நடந்ததெல்லாம் எழுதித் தாங்க. தினேஸ்ட டொக்டருக்குக் காட்டோணும். சர்மிலாட்ட நான் இன்னும் ஒண்டும் சொல்லல்ல. முதல்ல நீங்க தினேஸ்ட்டச் சொல்லுங்க. ஒரு கிழம பாப்பன், மறுகா நானே சொல்லிருவன்" என்றீர்கள். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. அதற்காக உங்களுக்கு மரியாதையாகவே பதில் எழுத நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தினேஸ்மீது பொறாமை இருந்தது. இப்போது இல்லை.

தினேஸ் என் சகலன். என் மனைவி உசாந்தியின் தங்கை சர்மிலாவைக் கட்டியவன். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். மாமி பத்தினிப்பிள்ளை தேற்றாத்தீவில் தன் வளவுக்குள்ளேயே இரண்டு மகள்மாருக்கும் இரண்டு வீடு கட்டி வைத்திருந்தார். மண், கிணறு, தென்னை எல்லாம் பெண்களுடையவை. வந்து சேர்ந்த ஆண்களுக்கு அங்கே மதிப்பு ஒன்றுதான் சொத்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வீட்டுக்கும் மாமியின் குசினியில்தான் சமையல். வாவிக் கொடுவா கிடைத்த நாட்களில் மீன் தலை என் சோற்றுக் கோப்பையில் விழும். மூத்த மருமகன் நான். ஏழு வருடம் அது தவறாமல் விழுந்தது. தினேஸ் வந்த இரண்டாம் வருடம், ஒரு ஞாயிறு, மாமி கறிச்சட்டியோடு என்னைத் தாண்டிப் போனார். "சின்னவர் விடிய முன்னமே எழும்பி மூளையால வேல செய்றவர், அவருக்கு வைப்பம்" என்று தலையை அவனுக்கு வைத்தார்.

மீன் தலைக்காகவா என்று நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறும் அது அவனுக்கே போனது. அவன் அதைப் பிய்த்து, "அண்ணன், பாதி எடுங்க" என்று நீட்டினான். தராமல் தின்றிருந்தால் அவனை மன்னித்திருப்பேன்.

அவன் வேலை உங்களுக்குத் தெரியும். அவுஸ்திரேலியாவில் ஒரு கட்டடக் கம்பனிக்கு இங்கிருந்தபடியே வீட்டுப் படம் வரைந்து அனுப்புவான். கொரோனா நேரத்தில் கிடைத்த வேலை. ஊரில் யாருக்கு என்ன படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவனிடம் போனார்கள். கம்பியூட்டர் பழுதென்றால்கூட என் கடையைத் தாண்டி அவனிடம் போய்க் கேட்டார்கள். அவன் அவர்களை என்னிடமே திருப்பி அனுப்புவான். "இதுல அண்ணன்தான் பெரியாள்" என்பான். உசாந்தி ஒருநாள் கிணற்றடியில், "தினேஸ் தம்பி ஒருத்தரையும் குறைவாப் பேசினதே இல்ல" என்றாள். உண்மைதான். அவள் சொன்னதில் எனக்குப் பிடிக்காததும் அந்த உண்மைதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். பெரிய படம் திறந்தால் மட்டும் ஸ்டக் ஆகிறது, சின்ன வேலைக்கு ஒன்றுமில்லை என்றான். அந்த ஒரு வரியிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. இரண்டு றாமில் ஒன்று, அதன் கடைசிப் பகுதியில் பழுது. மெஷின் நிறையச் சுமக்கும்போது மட்டும்தான் அந்த இடத்துக்குப் போகும், போய் விழும். ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்துச் சோதித்தேன். சுத்தம். மாற்றி வைத்தேன். சோதனையின் இரண்டாம் சுற்றிலேயே திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரி. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

கெட்டுப்போன றாமுக்கு நான் ஒரு பொட்டு வைப்பேன். உசாந்தி நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸ்தான், எங்கள் பக்கத்துத் தொழில்காரர் எல்லோருக்கும் தெரிந்த என் அடையாளம். தவறிப்போய் நல்லதோடு கலந்துவிடக்கூடாது அல்லவா. அதற்கும் வைத்தேன். காயும்வரை ஊதினேன். பிறகு அதைத் திரும்பவும் அவன் மெஷினுக்குள்ளேயே, இரண்டாம் இடத்தில், அழுத்திப் பூட்டினேன்.

நான் புதிதாக ஒன்றையும் கெடுக்கவில்லை. இருந்ததை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பின்னேரம் வந்தான். தூசி என்றேன். "அண்ணன் இருக்கக்குள்ள எனக்கென்ன கவல" என்றான்.

பழுதான றாம் ஸ்டக் மட்டும் ஆக்காது என்பது உங்களுக்குத் தெரியும். சில நேரம் மெஷின் நிற்காமல் ஓடும், உள்ளே ஒரு எண் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். அவன் 2400 மில்லிமீற்றர் என்று அடித்த ஒரு ஜன்னல் 2144 என்று கம்பனிக்குப் போயிருந்தது. அங்கே அந்த அளவுக்கே சுவரில் இடம் விட்டுவிட்டார்கள். முதல் எச்சரிக்கை வந்தது. அவன் என்னிடம் வந்து, "அண்ணன், நான் சரியாத்தான் அடிச்சன், எனக்கு வடிவா நினைவிருக்கு" என்றான். மெஷின் எண்ணை மாற்றாது தம்பி, கை மாற்றும் என்றேன். நித்திரை போதாது என்றும் சொன்னேன். அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

அதன் பிறகு எண்களைக் கொப்பியில் எழுதி வைத்தான். போனில் திரையைப் படம் பிடித்தான். ஒரு படத்தை எனக்குக் காட்டினான். இரண்டாவதாகப் பிழைத்துப்போன ஒரு கதவின் படம் அது, அளவு சரியாகத்தான் இருந்தது. கெட்டிக்காரன், இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் பிடித்திருப்பான். "இது திருத்த முன்னம் எடுத்ததா, திருத்தின பிறகா?" என்று மட்டும் கேட்டேன். அவன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் போனைப் பார்த்தான். "தெரியல்ல அண்ணன்" என்றான். படம் எடுத்த நேரம் அந்தப் போனிலேயே இருந்தது. அதைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

நீங்களும் நானும் செய்யும் தொழிலில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். மாற்றிவிட்டுப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது. அவன் மோட்டார் சைக்கிளைப் பூட்டித் திறக்கும் திறப்பு ஒருநாள் ஆணியிலிருந்து அரிசி வாளிக்குள் போனது. இரண்டு கிழமை ஒன்றும் செய்யாமல் பார்த்தேன். பிறகு கிணற்று மோட்டர் அவன் நிறுத்திவிட்டுப் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. சர்மிலா ஏசினாள். "நான்தான் மறந்திட்டன் போல" என்றான். அவன் எங்கே உடைவான், எப்போது ஒரு கெட்ட வார்த்தை சொல்வான் என்று பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். எல்லோருக்குள்ளும் ஒரு பழுது இருக்கும், பாரம் ஏற்றினால் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

கம்பனி மூன்றாம் கடிதத்தோடு அவனை நிறுத்தியது. அன்றைக்கு ஞாயிறு. மாமி அழுதுகொண்டே சமைத்தார். மீன் தலையை அவனுக்கே வைத்தார். இப்போது அவன் பாவம் என்பதற்காக.

மேலே எழுதியதில் ஒரு திருத்தம் செய்யவேண்டும். இருந்ததை எடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று எழுதினேன். அது முதல் தடவைக்குத்தான் பொருந்தும். இரண்டாம் எச்சரிக்கைக்குப் பிறகு தினேஸ் தானாகவே கொழும்பிலிருந்து இரண்டு புது றாம் எடுப்பித்துக் கொண்டுவந்து, "எதுக்கும் மாத்திப் பாப்பம் அண்ணன்" என்றான். ஒன்றை மாட்டினேன். மற்றதற்குப் பதிலாக என் டப்பாவிலிருந்து பொட்டு வைத்த ஒன்றை மாட்டினேன். அதுதான் உங்கள் கைக்கு வந்தது. பொட்டைச் சுரண்டி எடுத்திருந்தால் உங்களால் என்னைப் பிடித்திருக்க முடியாது. சர்மிலா மெஷினை விற்கலாமா என்று கேட்டு, நான் கொழும்புக்குப் போயிருந்த நாளில் உங்களிடம் கொண்டுவந்தபோதும், நீங்கள் அதைத் தற்செயலான பழுதென்றே நினைத்திருப்பீர்கள். ஆனால் கெட்ட சாமானை நல்ல சாமான்போல் காட்டுவது தொழிலுக்குச் செய்யும் துரோகம். இருபது வருடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை.

டொக்டருக்குத் தெரியவேண்டியது இனித்தான் வருகிறது. தினேஸ் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டு, கூட்டிவந்தேனா இல்லையா என்று சந்தேகப்பட்டு, திரும்பப் போய்ப் பள்ளி வாசலில் வெயிலுக்குள் இரண்டு மணிவரை நின்றான். அதில் என் கை இல்லை. அது தானாக நடந்தது. அதன் பிறகு அவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில்லை. மகளைத் தனியாக எங்கும் கூட்டிப்போவதுமில்லை. மறதிக்கு மருந்தெடுக்கக் கிளினிக்குக்குப் போனபோது துணையாகப் போனவன் நான். டொக்டர் என்னை மட்டும் வைத்துக்கொண்டு, மறதிக்கு உதாரணம் சொல்லச் சொன்னார். நாலு சொன்னேன். மூன்று நான் செய்தவை. நாலாவது, அடுப்பில் காஸைத் திறந்து விட்டுவிட்டான் என்பது, நான் உண்டாக்கியது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அதை முதலில் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது அவன் வாவிப் பக்கம் கதிரையைப் போட்டு இருக்கிறான். கேட்டால் பேசுவான். கேற்றைப் பூட்டினேனா என்று மூன்று தரம் எழும்பிப் போய்ப் பார்ப்பான். இன்னும் ஒருவரையும் குறைவாகப் பேசவில்லை.

நீங்கள் சொன்னபடி நேற்று, ஞாயிற்றுக்கிழமை, அவனிடம் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன், நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது. றாம், திறப்பு, மோட்டர், டொக்டர், ஒன்றையும் விடவில்லை. அவன் முழுக்கக் கேட்டான். பிறகு என் கையைப் பிடித்தான்.

"அண்ணன், நீங்க அப்பிடிச் செய்ற ஆள் இல்ல. என்னத்தையோ சொல்லிரிக்கீங்க, நான்தான் பிழையா விளங்கிட்டன். என்ட தல இப்ப அப்பிடித்தான். ஒங்களப் போய் இப்பிடி நினைச்சதுக்கு மன்னிச்சிக்கங்க."

திரும்பவும் சொன்னேன். அவன் கண் கலங்கி, இதை யாரிடமும் சொல்லவேண்டாம், சர்மிலா பயந்துவிடுவாள் என்று என்னைக் கெஞ்சினான். நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், தங்கச்சி. அதற்குமேல் என் பொறுப்பில் என்ன இருக்கிறது?

மாமி சாப்பிடக் கூப்பிட்டார். கொடுவாத் தலை வழக்கம்போல அவன் கோப்பையில். அவன் அதை முழுசாக எடுத்து என் சோற்றின்மேல் வைத்தான். "அண்ணன் சாப்பிடுங்க. எனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கீங்க" என்றான். மாமி பார்த்துக்கொண்டிருந்தார். உசாந்தியும் சர்மிலாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். நான் தலையைச் சாப்பிட்டு முடித்தேன். ருசியாகத்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போட்டுக்கொடுத்த புது றாமோடு மெஷின் நன்றாக ஓடுகிறதாம். ஒரு கிழமையாக ஒரு தரம்கூட நிற்கவில்லை என்று சர்மிலா சொன்னாள். தினேஸ் நேற்றுக் காலை பழைய படமொன்றைத் திறந்து பார்த்தானாம். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தானாம். கம்பனிக்குத் திரும்ப எழுதிப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டானாம். மாமிக்கு நிலைகொள்ளாத சந்தோசம்.

நீங்கள் நல்ல வேலைக்காரி, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு சுற்றுச் சோதனையை நம்பிவிடக்கூடாது, எட்டுச் சுற்றாவது ஓடவேண்டும். அவனுக்கும் அதே எண்ணம்தான். "அண்ணனும் ஒருக்காப் பாத்திட்டா எனக்கு நிம்மதி" என்று, நேற்றுப் பின்னேரம் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து தந்தான். மெஷின் இப்போது என் மேசையில் இருக்கிறது.