பயந்த பயணிக்கு ஒரு பதில்

— பெல்ட்டப் போடுங்க சார்.

— இது நம்ம வீட்டு நாற்காலிம்மா. பெல்ட்டு ஏற்கெனவே இடுப்புலதான் இருக்கு.

— ஏங்க, விளையாடாதீங்க! நாளைக்கு எனக்கு ஏர்ஹோஸ்டஸ் இன்டர்வியூ. பயணி மாதிரி உட்காருங்கன்னா உட்காரணும்.

— சரி சரி... ஏம்மா, ஃபிளைட் எப்பக் கிளம்பும்?

— இதோ, சரியான நேரத்துக்கு சார்.

— ஐயோ, அப்ப இது நம்ம கவர்மென்ட் ஃபிளைட் இல்ல. மாறி ஏறிட்டேன்!

— அதைத்தான் வித்தாச்சே. இனிமே எல்லாம் புது முதலாளி சட்டம்.

— இருபத்தஞ்சு வருஷம் பறந்தவளுக்கு மறுபடி இன்டர்வியூவாம். உன்னப் பார்த்து அவங்க கத்துக்கணும்.

— ஐஸ் வைக்காதீங்க. அடுத்த கேள்வி?

— முட்டி வலிக்குது, வேலைய விட்டுட்டு வீட்ல காலை நீட்டி உட்காரப் போறேன்னு சொன்னவ... திடீர்னு என்ன?

— வலி போயிடுச்சு. இதெல்லாம் பயணி கேக்கற கேள்வியா?

— ம்... சரி. எனக்குப் பயமா இருக்கும்மா. இன்ஜின் ஒழுங்கா ஓடுமா?

— கவலைப்படாதீங்க சார். எங்க... எங்க மெக்கானிக்குங்க எல்லாத்தையும் பார்த்திருக்காங்க.

— இதென்ன புதுப் பதில்?

— ஏன், நல்லாத்தானே இருக்கு?

— பயந்தவங்க கையப் பிடிச்சு இத்தனை வருஷமா என்ன சொல்வே? "என் வீட்டுக்காரர் கைவெச்ச இன்ஜின், நிம்மதியாத் தூங்குங்க"ன்னுதானே? ஏன் மாத்தினே?

— புது கம்பெனில... வீட்டுக் கதையெல்லாம் பேசக்கூடாதாம்.

— எனக்கே காது குத்தறியா?

— யாரு? நானா? காலைல சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்கங்க போறீங்க?

— ஒர்க்ஷாப்புக்குத்தான்...

— ஒரு வாரமா உங்க சட்டைல ஒரு பொட்டு கிரீஸ் இல்ல. துவைக்கறவ நான்தானே? சொல்லுங்க.

— இன்ஜின் வேலைய வெளியாளுங்களுக்குக் கொடுத்துட்டாங்க. எங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்கம்மா... பார்க்ல உட்கார்ந்துட்டு வரேன்.

— தனியாவா? வெயில்லயா?

— உன்கிட்ட சொன்னா, வலிக்கிற காலோட மறுபடி பறக்கக் கிளம்பிடுவே. அதான்...

— சொல்லாமலே கிளம்பிட்டேன், பார்த்தீங்களா?

— அதுக்கு அந்தப் பழைய பதிலை ஏன் மாத்தணும்? சும்மா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?

— பயந்தவங்ககிட்ட எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. முட்டி வலி போயிடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன் பாருங்க... அது ஒண்ணுதான்.