திருத்தம் வராத நிருபர்

எனக்கு மத்தியானத்தில் தூங்கும் பழக்கம் கிடையாது. பணியில் இருந்தவரை அது ஒரு நல்ல பழக்கமாக இருந்தது. ஓய்வு பெற்ற முதல் சனிக்கிழமையே தொந்தரவாகிவிட்டது. சாப்பிட்டு முடித்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். கணக்கு டீச்சரான என் மனைவி விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "எதாவது வேலை தேடிக்கோங்களேன், பாக்கவே தலை சுத்துது" என்றாள். அப்படித்தான் அறுபத்தோரு வயதில் உங்கள் பத்திரிகைக்குப் பகுதி நேர நிருபராக வந்து சேர்ந்தேன். ஆசிரியர் என்ற முறையில் இப்போது எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். விளக்கம் எழுதி எழுதியே நரைத்தவன் நான். எனக்கு இதில் கோபமில்லை.

முப்பத்து நான்கு வருடம் நகராட்சியில் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். எங்கள் பிரிவில் காலையில் அறிக்கை எழுதுவோம், மத்தியானம் ஆய்வுக்குப் போவோம். சிரிக்காதீர்கள். அறிக்கை பதினோரு மணிக்குள் மேலே போயாக வேண்டும், ஜீப்போ இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். ஒரு முறை ஒரு தெருவில் ஏழு விளக்குக் கம்பங்கள் என்று எழுதிவிட்டோம். போய் எண்ணினால் எட்டு. எட்டாவதைப் பிடுங்கி ஜீப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அறிக்கையில் பொய் இருக்கக் கூடாது என்பதில் நாங்கள் கறாரானவர்கள்.

உங்கள் அலுவலகத்திலும் அதே சிக்கல்தான். உள்ளூர்ப் பக்கம் மூன்று மணிக்கு முடிந்துவிடும். ஊரில் விழாக்களெல்லாம் ஐந்து மணிக்கு மேல். நடந்த பிறகு எழுதினால் செய்தி ஒரு நாள் ஆறிப்போகும். எனவே நான் முன்னதாகவே எழுதித் தந்தேன். விழா எத்தனை மணிக்கு என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் செய்தி நூலக ஆண்டு விழா. மைக் கோளாறால் விழா பத்து நிமிடம் தடைபட்டது என்று எழுதியிருந்தேன். அந்த மைக்கை எனக்கு வருடக்கணக்காகத் தெரியும். அன்றைக்குப் பார்த்து அது மணி மணியாகப் பேசியது. மேடைக்குப் பின்னால் போய் வயரைப் பிடுங்கினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, சரியாகப் பத்தாவது நிமிடம் திரும்பச் செருகினேன். நூலகர் எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்தது பேருந்து நிலையப் பெஞ்சு. ஆடிக்கொண்டிருந்த பெஞ்சு, மாலைக்குள் விழுந்துவிடும் என்று நம்பி எழுதிக் கொடுத்தேன். நாலரை மணிக்கும் கல் மாதிரி நின்றது. வீட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து இரண்டு நட்டுகளைத் தளர்த்திவிட்டு எதிரே நின்றேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார், பெஞ்சு சாய்ந்தது. "லேசான சிராய்ப்புடன் தப்பினார்" என்று எழுதியிருந்ததால் ஓடிப்போய் அவருடைய முழங்கையைப் பார்த்தேன். லேசானதுதான். எனக்கு உயிர் வந்தது.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் எல்லார் முன்னிலையிலும் நீங்களே சொன்னீர்கள்: "சார் செய்திக்கு இதுவரைக்கும் ஒரு திருத்தம் போட்டதில்லப்பா." வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் எழுந்து போய்விட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பணி நிறைவு விழா. சொந்த மனைவி என்பதால் கொஞ்சம் நன்றாகவே எழுதினேன். கடைசி வரி, "ஆசிரியை கண்ணீர் மல்க நன்றி கூறி விடைபெற்றார். அரங்கமே நெகிழ்ந்தது." பணி நிறைவு விழாவில் யார்தான் அழுவதில்லை? ஆனால் என் மனைவி வெங்காயம் நறுக்கும்போதுகூட அழாதவள். மூன்று மணிக்கு இது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

மேடையில் அவள் அழவில்லை. தலைமையாசிரியை போட்ட தப்புக் கணக்குகளை வரிசையாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. உள்ளூர்ப் பக்கம் எப்போதோ முடிந்துவிட்டது. நாளைக்குத் திருத்தம் வரும், அதுவும் என் மனைவியின் கண்ணைப் பற்றி. குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, "உன் அக்கா காலமானார்" என்று எழுதி, பள்ளிக்கூடப் பியூனிடம் கொடுத்து மேடைக்கு அனுப்பினேன்.

அவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். முப்பது வருடத்தில் நான் பார்த்திராத கண்ணீர் வந்தது. "நன்றி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினாள். அரங்கம் நெகிழ்ந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அப்போதுதான் பேருந்து தாமதமாகி, பெரிய பூங்கொத்தோடு அவளுடைய அக்கா வாசலில் வந்து நின்றார். மனைவி போட்ட அலறல் தெருமுனை வரை கேட்டிருக்கும். அது விழா முடிந்த பிறகு நடந்தது என்பதால் செய்தியைப் பாதிக்காது.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"ஏன்?"

"பக்கம் முடிஞ்சுபோச்சு."

அக்கா நல்ல மனுஷி. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் எதுல போனேன்னு போடலியே மாப்பிள்ளை" என்றார். இடம் போதவில்லை என்றேன். அவர் சிரித்தார், என் மனைவி சிரிக்கவில்லை. அன்றே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கூடத்தில் எவ்வளவு நடந்தாலும் திட்ட ஆளில்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. உங்களிடம் புகார் கொடுத்ததும் அவள்தான் என்று தெரியும், அதற்காக வருத்தமில்லை.

சீட்டு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. என் கையெழுத்தில் ஒரு பொய் என்பதை நினைத்து மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், அதில் தேதி போடவில்லை. மனசு லேசாகிவிட்டது. தேதியில்லாததைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. கொஞ்சம் முந்திக்கொண்ட செய்தி, அவ்வளவுதான்.

அக்காவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டால் திரும்பி வருவதாக மனைவி சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வருகிறார்கள். சாப்பிட்டதும் மாடி பால்கனிக் கம்பியில் சாய்ந்து நின்று காற்று வாங்குவது அக்காவின் வழக்கம். அந்தக் கம்பியில் மொத்தம் நான்கு நட்டுகள். இரண்டைத் தளர்த்தி வைத்திருக்கிறேன்.

செய்தி இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் கண்டிப்பை மனதார ஏற்றுக்கொண்டுவிட்டேன். இனிமேல் எதையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவேன்.