மாப்பிள்ளை ஏன் சிரிக்கவில்லை

எங்கள் ஊர் அக்கராயனில் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல். கேத்தல் கழுவும் எவருக்கும் இது தெரியும். ஆகவே எஸ்பிரெசோ மெஷினுக்கு நான் காசு கொடுத்து வாங்கும் ஃபில்டர் தண்ணீர்தான் விடுவேன். மாமி வந்து நின்ற கிழமை அது குறைந்துபோனது. மாமிக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தேன். சுண்ணாம்பு படிந்தால் நான் கழற்றித் துப்புரவாக்க வேண்டியது மெஷினைத்தான், மாமியை அல்ல.

கதிர்காமநாதன் ஐயா, நீங்கள் பெண்ணின் தகப்பன். "மாப்பிள்ளை தாலி கட்டேக்கையும் சிரிக்கேல்லையே, எங்கட பிள்ளை யதுர்ஷிகாவில விருப்பமில்லையோ?" என்று நேற்றுப் பளையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டீர்கள். விருப்பம் நிறைய உண்டு. முன்பல் இரண்டும்தான் இல்லை. அதற்குக் காரணம் நான்.

அந்த மெஷினை எனக்கு அனுப்பியதே உங்கள் மருமகன் லக்ஷன்தான். என் மனைவி சிவதர்சினியின் தம்பி, சுவிஸில் இருப்பவர். நீளமான கைபிடியைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். கையை எடுத்தால், அமுக்கி அடைத்த கோப்பித்தூள் தண்ணீரை மறிக்கும். கைபிடி ஆறுதலாக மேலே போகும், கோப்பி தேன்போல இறங்கும். அதன் ரப்பர் வளையங்களுக்குத் தவறாமல் கிறீஸ் பூசுவேன். சிவதர்சினியும் தன் முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிடச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய முறை இன்னும் வரவில்லை.

கலியாணத்துக்கு வந்த லக்ஷன் என் கோப்பியில் ஒரு மிடறு குடித்தார்.

"அத்தான், இது கசாயம். உங்களுக்குப் பிளேன்டீ காணும். போகேக்க மெஷினை நான் கொண்டு போறன். யதுர்ஷிகாவுக்குப் போட்டுக் குடுக்கலாம்."

நான் கோபப்படவில்லை. "கொண்டு போமன்" என்றேன்.

கலியாணத்தன்று காலை அவரைக் குசினிக்குக் கூப்பிட்டேன். "ஒருக்கால் நீரே இழுத்துக் காட்டும். எல்லாம் பூட்டி வைச்சிருக்கிறன்."

"தள்ளுங்கோ அத்தான்" என்று வந்து கைபிடியை இழுத்தார். கோப்பி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தபடியே கையை எடுத்தார்.

தூள் போட மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லி அழுதேன். சிவதர்சினி தண்ணீர் தந்து என்னைத் தேற்றினாள். மறக்கவில்லை, ஐயா. தூள் போடும் வடியை வெறுமையாகத்தான் பூட்டினேன். தண்ணீரை மறிக்கத் தூள் இல்லாவிட்டால் ஸ்பிரிங் கைபிடியை ஒரே வீச்சில் மேலே எறியும் என்பது எனக்குத் தெரியும். அவர் குனிவார் என்பதும் தெரியும்.

நிலத்தில் இருந்தபடி அவர் என்னைக் கூப்பிட்டார். "அஃபான்" என்றுதான் வந்தது. கையையும் நீட்டினார்.

நான் பாய்ந்து போய்க் கைபிடியைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. நான் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன், ஐயா. அதனால்தான் கடவுள் காப்பாற்றியிருக்கிறார்.