சனிக்கிழமை திறக்கும் பெட்டி

எனக்குக் குஸ்தி பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். ஒரு மனிதன் இன்னொருவன் கழுத்தின் மேல் ஏறி உட்காருவதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்குப் பிடித்தது கதை. எங்கள் கேபிளில் சனிக்கிழமை சாயங்காலம் வருகிற அந்தச் சண்டைக்குக் கதை சொன்னது நான்தான் என்று என் வீட்டுக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தனபாலைப் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் ஆட்டோ பிடித்து வந்தேன். கல்யாணமாகிச் சிங்காநல்லூர் வந்தபின் தனியாக ஆட்டோ ஏறியது இதுதான் முதல் தடவை. சுரேந்தர் விஷயத்தில் தனபாலுக்குச் சம்பந்தமில்லை. திரையில் கெட்டவனாக வருகிறவன் நிஜத்திலும் கெட்டவன்தான் என்று முடித்தால், அது சோம்பேறி எழுதின கதை. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். போக விடமாட்டீர்கள் என்று இப்போது புரிகிறது. பரவாயில்லை. எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் ரங்கநாயகி, கணவர் பெயர் கோபாலசாமி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாமனார் காலத்துப் பஞ்சு குடோன் ஒன்று உண்டு. மில் நின்றபின் அது சும்மா கிடந்தது. டிஷ் ஆன்டெனா வந்து ஊரெல்லாம் வெளிநாட்டுச் சண்டை பார்க்க ஆரம்பித்ததும், நாமே உள்ளூரில் ஒன்று நடத்தினால் என்ன என்று, ஊருக்குக் கேபிள் டிவி கொடுக்கிற இவருக்குத் தோன்றியது. குடோனில் மேடை கட்டிக் கயிறு இழுத்தார். ஜிம்முக்குப் போகிற பையன்களைக் கூப்பிட்டார். எடுப்பதை அப்படியே நேரடியாக எங்கள் கேபிளில் விட்டார். ஆரம்பத்தில் எல்லாரும் பார்த்தார்கள். தீபாவளிக்குள் யாரும் பார்க்கவில்லை.

நான் குடோனுக்குப் போகக் கூடாது. "ஆம்பளைங்க சட்டையில்லாம நிக்கிற எடம், அங்க உனக்கென்ன வேலை அம்மணி" என்பார் இவர். மாடியில் கம்பி வலை அடித்த அறையில் மானிட்டர் இருந்தது. அங்கிருந்துதான் நிகழ்ச்சியை லைனில் விட வேண்டும். அந்த வேலைக்கு வைத்த ஆள் நின்றுபோனதும் எனக்கு ஸ்விட்சுகளைக் காட்டிக் கொடுத்தார். அப்படித்தான் வாரா வாரம் பார்த்தேன். ஒரு நாள் சாப்பாடு போடும்போது, யாரும் ஏன் பார்ப்பதில்லை என்று புலம்பினார்.

"பொய்யின்னு தெரிஞ்சுபோச்சாட்ட இருக்குது" என்றார்.

"பொய்யின்னு அவங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்க. ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கிறாங்கன்னுதான் தெரியல" என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் சுரேந்தரை மாடிக்கு அனுப்பினார்.

சுரேந்தருக்கு ஊர் கிணத்துக்கடவு. தென்னந்தோப்புக் குடும்பம். எங்கள் கேபிள் வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல உடம்பு, கேமராவுக்குப் பயப்படாத முகம். வாரா வாரம் ஜெயித்துக்கொண்டிருந்தான். அதுதான் முதல் தப்பு. சுலபமாக ஜெயிக்கிறவனுக்காக யாரும் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார மாட்டார்கள். முதலில் அவனைத் தோற்க வைத்தேன். பிறகு அவன் இடது தோளில் அடிபட்டதாக வைத்தேன். அடிபட்டால் அடுத்த வாரமே ஆறிவிடக் கூடாது. அவனோடு மோதுகிற தனபால் அந்தத் தோளைத்தான் குறிவைக்க வேண்டும், வேறெங்கும் தொடக் கூடாது. தனபாலுக்கும் ஒரு காரணம் கொடுத்தேன். இருவரும் முன்பு சிநேகிதர்கள், மேடையில் விழுந்து கிடந்த தன்னைத் தூக்காமல் சுரேந்தர் கோப்பையை வாங்கப் போய்விட்டான் என்று அவன் மைக்கில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பெண்கள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

தனபால் லேத் பட்டறை வைத்திருக்கிறவன், சாது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவி அவனைப் பிடித்து நிறுத்தித் திட்டிய கதையை அவனே சந்தோஷமாக வந்து சொன்னான். டீக்கடையில் அவனுக்கு டீ கொடுக்கவில்லையாம். "பொழப்பு நடக்குதுங்கம்மா" என்று சிரித்தான்.

சுரேந்தர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாடிக்கு வருவான். கதவைத் திறந்தபடியே வைத்து, நிலைப்படி ஓரத்தில் தரையில் உட்காருவான். "அடுத்த வாரம் நான் என்ன ஆவேனுங்க அக்கா" என்று கேட்பான். நான் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறும். நான் சொல்வதை அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் மாமியார் வானொலியைக்கூட என் பேச்சைவிடக் கவனமாகக் கேட்பார். இதை நீங்கள் எழுத வேண்டாம், இதற்கும் நடந்ததற்கும் தொடர்பில்லை.

சித்திரையில் அவன் வந்து, சென்னையில் சண்டைக் காட்சி எடுக்கிற கோஷ்டியில் இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னான்.

"எனக்கொரு முடிவு வெச்சுபோடுங்க அக்கா. தோத்தாலும் சரிங்க. வலிக்காம முடிச்சாப் போதும்" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். எப்போது போகிறாய் என்று கேட்டேன். இரண்டு வாரத்தில் என்றான். ஒரு கதையை இரண்டு வாரத்தில் முடிக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அவனுக்குப் பிரவீனா என்ற பெண்ணை நிச்சயம் செய்திருப்பதும், சென்னையில் வீடு பார்த்தபின் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகப்போவதும் அடுத்த நாள் தனபால் வாயிலிருந்துதான் தெரிந்தது. அவன் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதையில் அதற்கும் ஓர் இடம் வைத்திருப்பேன். அவ்வளவுதான்.

முடிவு இதுதான். தோற்றவனை இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது. சுரேந்தர் தோற்பான், தனபால் பூட்டுவான். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தத்தோடு நிகழ்ச்சி முடியும். பெட்டி அடுத்த சனிக்கிழமைதான் திறக்கும். திறந்தால் உள்ளே ஆள் இருக்க மாட்டான். பின்தகட்டில் உள்ளேயிருந்து திறக்கிற கதவு ஒன்று. கூட்டம் போய் ஷட்டர் இறங்கியதும் அதன் வழியாக வந்து, கொல்லைப்பக்கமாக வெளியேறி, நேராக ரயிலுக்குப் போய்விடுவான். ஊரே அவனைத் தேடிக்கொண்டிருக்கும். கேட்டதும் சுரேந்தர் எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா, இதுக்கு மேல ஒரு முடிவு கெடையாதுங்க" என்றான்.

பெட்டியைத் தனபால் பட்டறையில் செய்தான். "காத்துக்கு நாலு ஓட்டை போட்டுடட்டுங்களாம்மா" என்று கேட்டான். ஓட்டை கேமராவில் தெரிந்தால் பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும், உள்ளே இருக்கப்போவது கொஞ்ச நேரம்தானே என்றேன். தட்டுகிற சத்தம் வீடுகளில் கேட்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியின் உள்விளிம்பில் ஒரு மைக் ஒட்டச் சொன்னேன். எல்லாரும் என் பேச்சைக் கேட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. காலிப் பெட்டி. ஒரு வாரம் காத்திருந்துவிட்டு டிவி முன்னால் உட்காருகிறவர்களுக்குக் காலிப் பெட்டியைக் காட்டுவது ஏமாற்று வேலை. முதல் வாரம் வியப்பார்கள். அடுத்த வாரம் திட்டுவார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் இருக்க மாட்டார்கள், பழையபடி ஆகிவிடும். மாடி அறையில் நானும் மானிட்டரும் மட்டும் இருப்போம். பூட்டின பெட்டியைத் திறந்தால் உள்ளே போட்டது இருக்க வேண்டும். எத்தனை விதமாக யோசித்தும் இதற்கு வேறு விடை வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, பையன்களுக்கு மோர் கொண்டுபோகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் குடோனுக்குப் போனேன். டெம்போவில் ஏற்றிவரும்போது பின்கதவு திறந்துகொள்ளாமல் இருக்க, வெளிப்பக்கம் இரண்டு வளையங்களைத் தனபால் பற்றவைத்திருந்தான். அவற்றில் ஒரு போல்ட்டை நுழைத்து முடுக்கினேன். அது எங்கள் ஆன்டெனாவுக்கு வாங்கிவைத்த போல்ட். ஸ்பேனர் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். காலையிலேயே தனபால் கதவைத் திறந்து மூடிப் பார்த்திருந்ததால் மறுபடி யாரும் பார்க்கவில்லை. கொல்லைக் கதவருகே வைத்திருந்த சுரேந்தரின் பையை, நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன் என் அறைக்கு எடுத்து வந்துவிட்டேன். அது அங்கேயே இருந்தால் அவன் போகவில்லை என்று தெரிந்துவிடும்.

அன்றைக்கு மிக நன்றாகச் செய்தான். தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். தனபால் பூட்டினான். உள்ளேயிருந்து சுரேந்தர் தட்டினான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் சொல்லிவைத்தபடி எல்லாரையும் உடனே வெளியேற்றி, விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கினார்கள். பெட்டியைச் சனிக்கிழமைவரை யாரும் தொடக் கூடாது என்று இவரே வாசலில் உத்தரவு போட்டார். பிறகு மேலே வந்து, "பிரமாதம் அம்மணி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். கல்யாணமானபின் அவர் என்னைப் பாராட்டியது அது ஒரு தடவைதான்.

நான் லைனை அணைத்தேன். பெட்டி மைக்கை அணைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவனுடைய அண்ணன், தம்பி சென்னை போய்ச் சேரவில்லை என்று தேடிக்கொண்டு வந்தார். தனபால்தான் சந்தேகப்பட்டுப் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்துக் கத்தினான். பெட்டி அவன் செய்தது, பூட்டு அவன் போட்டது, அதனால் அவனைக் கூட்டி வந்துவிட்டீர்கள். அவனை வீட்டுக்கு அனுப்புங்கள். போல்ட்டை முடுக்கியது நான். பெட்டிக்குள் ஆள் இருக்கிறான் என்று தெரிந்து முடுக்கினேன், தெரிந்துதான் மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் கேட்டது என்று கேட்கிறீர்கள். வெளியே நன்றாக இருட்டும்வரை கேட்டது. முதலில் தட்டினான், அது நடிப்பு. பிறகு தட்டியது நடிப்பில்லை. நான் சத்தத்தைக் குறைத்து வைத்தேன், முழுக்க நிறுத்தவில்லை. அவன் அவனுடைய அம்மாவைக் கூப்பிடவில்லை, அந்தப் பெண்ணைக் கூப்பிடவில்லை. மைக் இருப்பது அவனுக்குத் தெரியும், மாடியில் நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்பதும் தெரியும். அக்கா, அக்கா என்று என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், இன்ஸ்பெக்டர் சார். ஒரு தடவை ரங்கநாயகி என்று கூப்பிட்டிருந்தால் இறங்கிப் போய்த் திறந்துவிட்டிருப்பேன்.