மாதாவுக்குக் கீழை ஒரு பெட்டி

— மாதாவை ஏன் பிள்ளை இறக்கி வைச்சிருக்கிறாய்? பிரிட்ஜுக்கு மேலை நல்லாத்தானே நிண்டவா!

— நீங்கள் சொல்லித்தானே மரியமுத்தக்கா ஏத்தினனான்? வெள்ளைச் சீலையாலை பிரிட்ஜை மூடி, மாதாவை வைச்சு, மெழுகுதிரியும் கொளுத்தி... கணக்கெடுக்க வந்த பிள்ளை சிலுவை போட்டுக் கும்பிட்டிட்டெல்லோ போனது!

— பின்னை? ஃபைல் காவிக்கொண்டு நெடுந்தீவுக்கு வாறவை நிவாரணத்தை வெட்டத்தான் வருவினம். பிரிட்ஜைக் கண்டால் விடுவினமோ, நிலாந்தினி?

— அது நிவாரணக் கணக்கில்லையக்கா, கரண்டுக் கணக்கு! எந்த வீட்டிலை என்ன ஓடுது எண்டு கூட்டிப் பாத்துத்தான் கரண்டு எடுக்கிற புதுக் காத்தாடியும் சோலரும் பற்றறியும் போடுகினமாம். ஊர் அலுவல் பாக்கிற விதானையார் இப்பத்தான் சொன்னவர்.

— போடட்டுமே. காத்துக்கு இஞ்சை என்ன பஞ்சம்? என்ர தலையைப் பார், வாரிக்கட்ட ஏலாது.

— பட்டியலிலை உள்ள அளவுக்குத்தானாம். அதுக்கு மேலை இழுத்தால் அந்த வீட்டுச் சுவிச் தன்பாட்டிலை விழுமாம். நான் ஒரு பல்ப், ஒரு ஃபான் எண்டு சொல்லிப்போட்டன். இனி மகள் டிலக்சனாவின்ர இன்சுலினை எங்கை வைக்கிறது? ஏழு வயசுப் பிள்ளையக்கா!

— என்ர வீட்டிலை ஓடுற ஐஸ்பழப் பெட்டியிலை வையன்.

— அதுக்குள்ளை எல்லாம் கல்லாப் போயிடும். இன்சுலின் உறையக் கூடாது.

— அப்ப இன்னொரு காத்தாடி நடச் சொல்லு.

— மிச்சமிருக்கிற வெட்டைவெளியிலை பூநாரை இறங்கிறதாம். நடக் கூடாதாம்.

— பூநாரைக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லை! இவ்வளவு நாளும் கரண்டு தந்த டீசல் எஞ்சின் எங்கை போச்சு?

— அதை நிப்பாட்டத்தானே இவ்வளவும். புகை கூடக்கூடக் கடல் ஏறுமாம்.

— அது மெய்தான். துறையடிக் கிணறும் உப்பாப் போச்சு, வாயிலை வைக்க ஏலாது. சரி, விதானையாரிட்டை ஓடிப்போய்ச் சொல்லன், மாதாவுக்குக் கீழை ஒரு பெட்டி இருந்தது எண்டு.

— போனனான். நேற்றோடை பட்டியல் மூடியாச்சாம். இனி அஞ்சு வருசத்துக்குப் பிறகுதானாம். சங்கக்கடைச் சுவரிலை ஒட்டியிருக்கு. வாசிக்கப் பயந்து, போனிலை படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தனான்.

— கொண்டா இஞ்சை... சீ, கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். நீயே வாசி.

— பொறுங்கோ, படத்தைப் பெரிசாக்கிறன்... நிலாந்தினி. பல்ப் ஒண்டு. ஃபான் ஒண்டு. பிரிட்ஜ்... பிரிட்ஜ் ஒண்டு! ‘பிள்ளையின் மருந்துக்கு’ எண்டும் கிடக்கு! நான் சொல்லேல்லையே, ஆரக்கா சொன்னது?

— மாதாவாத்தான் இருக்கும்.

— பாலசிங்கத்தார் வைக்கோலுக்குள்ளை ஒளிச்ச தண்ணி மோட்டரும் கிடக்கு. மார்க்கண்டர் வீட்டு ரீவியும் கிடக்கு. மாதா அங்கையும் போனவாவோ?

— என்னை ஏன் பாக்கிறாய்? கணக்கெடுக்கிற பிள்ளை வெயிலுக்குள்ளாலை வந்தது. தேத்தண்ணி குடுத்து, ரெண்டு கதை கதைச்சனான். அது பேனையைத் திறந்தால் நான் வாயைத் திறக்கக் கூடாதோ?

— ஒளிக்கச் சொன்ன நீங்களே காட்டிக் குடுத்தனீங்களோ! அக்கா, உங்கட வாய்க்குச் சீனி போடவேணும்... நில்லுங்கோ. உங்கட பேருக்கு நேரை ஒரு பல்ப் மட்டும்தான் கிடக்கு. ஐஸ்பழப் பெட்டி எங்கை?

— என்ர வீட்டுக் கதையை நான் எப்பவடி வெளியிலை சொன்னனான்?